மாதிரிக் கடிதம்

நீங்கள் வேலை செய்யும் கம்பெனியே ஷிஃப்ட் நேரத்தில் உங்களை உட்காரவைத்து, டீயும் போண்டாவும் கொடுத்து, இலவசமாக இங்கிலீஷில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தால், வேண்டாம் என்பீர்களா?

ஜூஜுவாடியில் வண்டிகளுக்கு பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் அந்தக் கம்பெனியில் இருபத்திரண்டு பேரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாரும் பத்து வருஷம் தாண்டிய பர்மனென்ட் ஆட்கள். எச்.ஆர். மேனேஜர் ஹரீஷ்குமார் அப்படிப்பட்டவர்களாகப் பார்த்துத்தான் பொறுக்கியிருந்தார். பழைய ஆட்கள் மேல் அவருக்கு அவ்வளவு பாசம்.

வகுப்புக்கு லீடர் மாதேஸ்வரி. ஜவளகிரியிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து வருகிறவள். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, மெஷினில் தமிழ். இந்தப் பதினாலு வருஷ வேலையை நம்பித்தான் மகளை நர்சிங் சேர்த்திருக்கிறாள்.

முதல் வாரம் ஹரீஷ்குமாரே காய்ச்சலுக்கு லீவ் லெட்டர் சொல்லிக்கொடுத்தார். அடுத்த வாரம் மெமோவுக்குப் பதில்.

"இன்னிக்கு ரிசிக்னேஷன் லெட்டர்," என்றார் ஹரீஷ்குமார்.

"யாருங்க சார் வேலைய விட்டுப் போறது?" கடைசி பெஞ்சிலிருந்து நல்லுசாமி கேட்டார்.

"யாரும் போகல. நாளைக்கே பெரிய கம்பெனி உங்களக் கூப்பிட்டா, மரியாதையா எழுதிக் குடுத்துட்டுப் போகத் தெரிய வேணாமா?"

"இந்த முட்டிவலிய வெச்சிக்கிட்டா? ஆஸ்பத்திரிதாங்க சார் கூப்புடும்."

வகுப்பே சிரித்தது. ஹரீஷ்குமார் இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தார்.

"நோட்டுல வேணாம், ஏ-ஃபோர் பேப்பர்ல எழுதுங்க. நம்ம கம்பெனி பேரு, உங்க பேரு, எம்ப்ளாயி நம்பர், கீழ கையெழுத்து. அப்பதான் நிஜமா எழுதற மாதிரி பழக்கம் வரும். தேதி மட்டும் காலியா விடுங்க."

"காரணம் என்னான்னு சார் எழுதறது?"

"சொந்தக் காரணம்னு எழுதுங்க. அப்படி எழுதிட்டா யாரும் ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டாங்க."

செல் அடித்தது. பெங்களூரிலிருந்து எம்.டி. பக்கத்தில் மாதேஸ்வரி போண்டாத் தட்டோடு நிற்பதைப் பார்த்த ஹரீஷ்குமார், பேச்சைக் கன்னடத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"இருபத்திரண்டும் இன்னிக்கே கைக்கு வந்துடும் சார். அவங்களே எழுதிக் குடுத்தது, அதனால கோர்ட்டு, கேசு எதுவும் வராது. அடுத்த வாரம் கான்ட்ராக்ட் ஆளுங்கள இறக்கிடலாம். காலைல நீங்க இங்க வரும்போது நீல ஃபைல் உங்க டேபிள்ல இருக்கும். நீங்க படிக்கவே வேணாம். ஒவ்வொண்ணுலயும் ஓகேன்னு எழுதிக் கையெழுத்து போட்டுடுங்க."

செல்லை வைத்ததும் மாதேஸ்வரி தட்டை நீட்டினாள்.

"சூடு ஆறிடும், எடுத்துக்கங்க சார். அப்புறம் ஒண்ணு கேக்கணுங்க. போர்டுல பாத்தா எங்களுக்கு மண்டைல ஏற மாட்டேங்குது. நீங்களே ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டுங்களேன். உங்க பேரு, உங்க நம்பரு போட்டு. எது எங்க வருதுன்னு பாத்துக்குவோம்."

"கையெழுத்துமா?"

"நீங்கதானுங்க சொன்னீங்க, அப்பதான் நிஜமா எழுதற மாதிரி இருக்கும்னு."

இவ்வளவு ஆர்வமான மாணவி எந்த வாத்தியாருக்குக் கிடைப்பாள்? ஹரீஷ்குமார் அச்சடித்ததுபோல எழுதினார். கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு, இரண்டு புள்ளி. தான் சொன்னபடியே தேதியைக் காலியாக விட்டார்.

மாதேஸ்வரி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகப் போய்க் குனிந்து குனிந்து விளக்கினாள்.

"என்னா பேச்சு அங்க?"

"ஸ்பெல்லிங் சொல்லிக் குடுக்கறேங்க சார்."

அரை மணி நேரம் இருபத்திரண்டு தலைகளும் நிமிரவே இல்லை. நல்லுசாமிகூட வாயைத் திறக்காமல் எழுதினார். ஹரீஷ்குமாருக்கே பெருமையாக இருந்தது. மாதேஸ்வரி எல்லாத் தாள்களையும் வாங்கி நீல ஃபைலில் அடுக்கினாள்.

"எல்லாம் சரியா இருக்கா?"

"ஒண்ணுகூட விட்டுப்போகலீங்க சார்."

மணி ஐந்தரை. அத்திப்பள்ளி ட்ராஃபிக் ஞாபகம் வந்ததும் ஹரீஷ்குமார் ஃபைலைத் திறக்காமலே எம்.டி. மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு எம்.டி. எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டு முடித்தார். இருபத்திரண்டு பேருக்கு ஒருநாள் காய்ச்சல் லீவும், சொந்தக் காரணத்துக்காக ஹரீஷ்குமாரின் ராஜினாமாவும் ஓகே ஆகியிருந்தன.