ஒட்டடைக்கு ஓடும் விசிறி

மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீட்டியிருக்கிறது. அதன்மேலேயே, சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துக் கிடக்கிறான் எலக்ட்ரீஷியன். மேலே மின்விசிறி உறுமுகிறதே தவிர இறக்கை அசையவில்லை. மோட்டாருக்கு முதல் உந்தலைக் கொடுக்கும் கண்டென்சர் செத்து மாதக்கணக்காகிறது. அந்த வேலையை இந்த வீட்டில் துடைப்பக்கட்டைதான் பார்க்கிறது. வேலைவிட்டு வந்த மனைவி, தோள்பையை இறக்காமலே கட்டையை உயர்த்தி இறக்கையைத் தள்ளுகிறாள். அசதியில் எதிர்ப்பக்கமாகத் தள்ளிவிடுகிறாள். கண்டென்சர் இல்லாத மோட்டாருக்கு எந்தப் பக்கமும் சம்மதம்தான். அப்படியே வேகம் பிடிக்கிறது. காற்றெல்லாம் கூரைக்குப் போகிறது. “நிறுத்திட்டு மாத்தித் தள்ளு,” என்கிறான் கண்ணைத் திறக்காமல். “ஊரெல்லாம் ஃபேன் ஓட விடுற ஆளு நம்ம வீட்டுக்கு எப்போ வருவாராம்?” “நாளைக்கு.” “நேத்தும் இதையேதான் சொன்னாரு.” அவளும் பக்கத்தில் சாய்கிறாள். அவன் சட்டைப்பையில் இருக்கும் ஏதோ அவள் முழங்கையில் இடிக்கிறது. எடுத்துப் பார்க்கிறாள்: புதுக் கண்டென்சர். பல நாள் வியர்வையில் அதன்மேல் இருந்த எழுத்து அழிந்திருக்கிறது. ஏதோ கேட்க வாயெடுக்கிறாள், அவன் தூங்கிவிட்டான். அதை இருந்த பையிலேயே போட்டுவிட்டுக் கண்ணை மூடுகிறாள். மேலே ஒட்டடை மட்டும் சுகமாகக் காற்று வாங்குகிறது.