சிவந்து தடித்த இடம்

ஆய்வுக்கூடத்து ஸ்டூலில், சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள் அக்கா. நாளெல்லாம் வெயிலில் நின்று நீச்சல் கற்றுக்கொடுப்பவள். நிக்கல் கலந்த கம்மல் போட்டாலே காது சிவந்து அரிக்கும். அதனால்தான் தோல் ஆராய்ச்சி செய்யும் தங்கை அவளைச் சோதனைக்குப் பிடித்துப்போட்டாள். முதுகில் இரண்டு இடங்களில் புற ஊதா விளக்கைக் காட்டினாள். இடப்பக்கம் மட்டும், தான் உருவாக்கிய சன்ஸ்கிரீனை முன்பே தடவியிருந்தாள். பிறகு இரண்டு இடத்திலும் நிக்கல் வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினாள். இரண்டு நாள் கழித்து, இப்போது அவற்றைப் பிரிக்கிறாள். வலப்பக்கத் தோல் எதுவுமே நடக்காததுபோல் வழவழவென்று இருக்கிறது. இடப்பக்கம் நன்றாகச் சிவந்து தடித்திருக்கிறது.

“இடது பக்கம் அரிச்சுத் தள்ளுதுடி. உன் கிரீம் காலை வாரிடுச்சா?”

“இல்லக்கா! நிக்கல் பட்டா உன் தோல் சண்டைக்குப் போகணும். வலது பக்கம் விளக்கு, வெயில் மாதிரியே, தோலோட எதிர்ப்பு சக்தியைத் தூங்க வச்சிடுச்சு. கிரீம் போட்ட இடம்தான் முழிச்சிருக்கு.”

அக்கா கழுத்தை வளைத்துக் கண்ணாடியில் பார்க்கிறாள். சொறியப் போன கை பாதியில் நிற்கிறது. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வருகிறவள், நடைவழியில் எதிர்ப்படும் முன்பின் தெரியாத ஒருவரை நிறுத்திச் சொல்கிறாள்:

“உள்ள இருக்காளே, அவ என் தங்கச்சிங்க.”