ஹேமா வரைந்த என் தலை

திருத்தணி மலையில் மொட்டையடித்துக்கொண்டேன். போன வருடம் இறந்துபோன என் மனைவி ஹேமாவின் வேண்டுதல் அது. சந்தனம் பூசிவிட யாருமில்லை. வெறுந்தலையோடு ரயிலேறி, அவள் படித்த பல்கலைக்கழகத்தின் ஓவியக்கூடத்துக்குப் போனேன். பழைய மாணவர் கண்காட்சிக்கு அன்று கடைசி நாள். சுருட்டை முடியோடு என்னை அவள் வரைந்த படம் அங்கே இருந்தது. அவள் பார்த்த என்னை இன்னொருமுறை பார்க்க வேண்டும்.

வாசலில் இருந்த ஊழியர் குப்பம்மாள் சிரித்தார். “இன்னா சார், படத்துல கீறமாரியே மொட்ட போட்டுகினு வந்துட்டீங்க?”

குப்பம்மாள் பின்னால் வர, உள்ளே போனேன். படத்தில் எனக்கு முடி இல்லை. தலை முழுக்கச் சந்தனம். அதில் விரல் தடங்கள்.

“கை வச்சிடாதீங்க சார், பெயின்ட் இன்னும் காயல.”

படத்தின் முன்னால் தலையைக் குனிந்து நின்றேன். உச்சியிலிருந்து பிடரிவரை மெல்லக் குளிர்ந்தது.