குண்டன் யாருக்கு?

வளர்ப்புப் பிராணி யாரிடம் இருக்க வேண்டும் என்பதைக் குடும்பநல நீதிமன்றத்தில் இப்போது அந்தப் பிராணியிடமே கேட்டுவிடுகிறார்கள். பெண் அலுவலர் ஆமையின் ஓட்டில் பாசத்தை அளக்கும் கருவியை ஒட்டினார். தமயந்தி முதலில் கூப்பிட்டாள். நூற்றுக்கு நாற்பத்தொன்று. பிறகு அவள் கணவன் செழியன், "டேய் குண்டா, வாடா" என்றான். ஆமை கழுத்தை நீட்டி அவனை நோக்கி நடந்தது. தொண்ணூற்று மூன்று.

"ஆமை சாருக்குத்தான்" என்றார் அலுவலர்.

செழியனாலேயே நம்ப முடியவில்லை. அவன் வீட்டை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது.

"மெஷின் தப்பு மேடம். தினமும் தீனி போட்டது இவதான்."

தமயந்தியின் கண்கள் கலங்கியிருந்தன. "மெஷின் சரியாத்தான் சொல்லுது. கீரை வைக்கும்போது உங்க பழைய வாய்ஸ் மெசேஜைப் போட்டுவிடுவேன். இல்லன்னா அவன் சாப்பிட மாட்டான்."

"தினமுமா?"

"மூணு வேளையும்."

அலுவலர் நிமிர்ந்து பார்த்தார். "ஆமைக்கு ஒரு வேளை போதுமேம்மா!"

தமயந்தி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செழியன் ஆமையைத் தூக்கி அவள் மடியில் வைத்தான். "நாளைக்குக் கீரை வாங்காதே. நானே கொண்டுவரேன்."