பழசக்காவுக்கு விடுதலை

“இன்னைக்காவது விட்டுடுவாங்களா?” கணவன் போனில் கேட்டான்.

“தெரியலைங்க. மூணு பேர் உட்கார்ந்திருக்காங்க. எல்லாம் அவங்க கையிலதான் இருக்கு” என்று கிசுகிசுத்துவிட்டு அவள் போனை அணைத்தாள். சன்னல் இல்லாத அறை. அட்டையைக் காட்டாமல் கதவு திறக்காது, வெளியே காவலாளி வேறு.

சிறைச்சாலை இல்லை, ஆபீஸ்தான். இணையத்தில் ஊர் உலகத்துக்கெல்லாம் சாமான் விற்கிற பெரிய கம்பெனியின் கூட்ட அறை. ஆனால் அவளைக் கேட்டால், இரண்டுக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம் என்பாள்.

கம்பெனியின் இணையதளம் ஓடுவது, முதலாளி இளவட்டமாக இருந்தபோது தானே உட்கார்ந்து எழுதிய மென்பொருளில். ஆபீஸில் அதற்குப் பெயர் ‘பழசு’. அது தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவிவிட, மாட்டிக்கொண்டவள் இவள் ஒருத்தி. அதனால் இவளுக்குப் பெயர் பழசக்கா.

படுத்த படுக்கையாக மாமியார், அவரை விட்டு நகர முடியாத கணவன், பள்ளிக்கூடம் போகிற மகள் எல்லோரும் வேறு ஊரில். அங்கேயும் கம்பெனிக்கு ஒரு கிளை உண்டு. ஊரில் இருக்கிற ஒரே கம்ப்யூட்டர் ஆபீஸும் அதுதான். மாற்றல் கேட்டு நடையாய் நடந்தாள். “நீங்க போயிட்டா பழசை யாரும்மா பார்க்கறது?” என்றே ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது.

பழசோ இந்தக் கட்டடத்து மெஷின்களை விட்டு நகராது. வீட்டிலிருந்து வேலை என்ற பேச்சையே முதலாளி காதில் போட்டுக்கொள்ள மாட்டார். உதறிவிட்டுப் போகலாமென்றால், அங்கே வீடு ஓடுவதே இவள் சம்பளத்தில்தான். மகள் இப்போதெல்லாம் போனில்கூட இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. அதுதான் இவளுக்குத் தாங்கவில்லை.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து, பாதி உலகம் பயன்படுத்துகிற ‘புதுசை’க் கற்றாள். புதுசு வந்துவிட்டால் தளத்தை எந்தக் கிளையிலிருந்தும் பார்த்துக்கொள்ளலாம். பழசா புதுசா என்று இன்றைக்குத் தீர்ப்பு.

“புதுசு எவ்வளவு வேகம், அதைச் சொல்லுங்க” என்றார் தொழில்நுட்பத் தலைவர்.

“வேகத்துல பெரிய வித்தியாசம் இல்ல சார். வாங்கறவங்க கண்ணுக்கே தெரியாது.”

“அப்ப நல்லா ஓடிட்டு இருக்கறதை ஏன் நோண்டணும்?” என்று அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“பெரிய கம்பெனிங்க எல்லாம் வேகத்தைப் பார்த்தா சார் முடிவு பண்றாங்க? வேலை தெரிஞ்ச ஆள் கிடைக்குமான்னு பார்க்கறாங்க. உடைஞ்சா யாரு சரிபண்ணுவான்னு பார்க்கறாங்க. பழசுக்கு நான் ஒருத்திதான். நாளைக்கு நான் காய்ச்சல்ல படுத்துட்டா உங்க கடையை யாரு திறக்கறது?”

முதலாளியின் முகம் சுருங்கியது. பெற்ற பிள்ளையைக் குறை சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? “பழசு என்னைக்கும் என்னைக் கைவிட்டதில்லம்மா” என்றார்.

இதுவும் போனால் இன்னும் எத்தனை வருஷமோ. வாய்க்கு வந்த அடுத்த காரணத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“சார், பழசுல வாங்கற பொத்தானை ரெண்டு தடவை அமுக்கினா ரெண்டு ஆர்டர் விழுது. ஜனங்களுக்கு ஏது பொறுமை? அமுக்கிட்டேதான் இருக்காங்க. அதுல கை வச்சா வேற எங்கயாவது உடையுது. அதனால என்ன பண்றோம்? எங்க ஊர் கிளையில அத்தனை பேரும் உட்கார்ந்து ரெட்டை ஆர்டரைக் கண்ணால பார்த்துப் பார்த்துக் கையால பிரிச்சிட்டு இருக்காங்க. புதுசுல ஒரு தடவை அமுக்கினதும் பொத்தானே பூட்டிக்கும்.”

அதுவரை போனை நோண்டிக்கொண்டிருந்த கணக்கு அதிகாரி நிமிர்ந்தார்.

“அப்ப அந்தப் பிரிக்கிற வேலையே இருக்காதா?”

“துளிகூட இருக்காது சார்.”

“நிச்சயமாத்தானே சொல்றீங்க?”

“நானே செஞ்சு பார்த்துட்டேன். வேணும்னா இப்பவே காட்டறேன்.”

காட்டினாள். பொத்தானைக் கணக்கு அதிகாரி அமுக்கோ அமுக்கு என்று அமுக்கிப் பார்த்தார். ஒரே ஒரு ஆர்டர்தான் விழுந்தது. அவர் முதலாளியின் காதருகே போய் ஏதோ ஓதினார். முதலாளி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “சரி, அப்படியே செஞ்சிடுங்க” என்று அவரிடம் சொன்னார்.

பிறகு அவளைப் பார்த்தார். “நீங்க ஜெயிச்சுட்டீங்கம்மா. புதுசுக்கே போயிடலாம்.”

சந்தோஷத்தில் அழுதுவிடுவோமோ என்று பயந்து தண்ணீர் குடித்தாள். இனிமேல் மகளுக்குத் தினமும் தன் கையாலேயே தலை பின்னிவிடலாம் என்று மனசு எங்கேயோ ஓடியது. கணக்கு அதிகாரி போனை எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே போனார்.

முதலாளி எழுந்ததும் அவளும் எழுந்து, வாசல் வரைக்கும் கூடவே போனாள்.

“சார், மாத்தி முடிச்ச கையோட என்னை எங்க ஊர் கிளைக்கு அனுப்பிடுங்க. இனிமே நீங்க முடியாதுன்னு சொல்றதுக்குக் காரணமே இல்ல.”

அவர் புரியாமல் அவளையே பார்த்தார். முகம் மெல்ல மாறியது. நிஜமான வருத்தத்தோடு சொன்னார்:

“இப்பத்தானேம்மா உங்க பேச்சைக் கேட்டு அதை மூடச் சொன்னேன்.”