பேர் போடாத செய்தி

"அந்தச் செய்தியை எடுத்துடும்மா. முதல் பக்கத்துக்கு சிமென்ட் விளம்பரம் வந்திருக்கு" என்றார் அமிர்தலிங்கம். மகள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

புவனேஸ்வரி கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுக்கவில்லை. "விளம்பரத்தை நாளைக்குப் போட்டுக்கலாம்ப்பா. ஒரு உசிரு போயிருக்கு."

பெரம்பலூரில் மூன்று தலைமுறையாக அவர்கள் குடும்பம் நடத்தும் மாலைப் பத்திரிகை 'மருதைச் சுடர்'. அரியலூரில் கட்டிக்கொடுத்த பிறகும் தினமும் பஸ் ஏறி வந்து, பக்கம் பார்ப்பது புவனேஸ்வரிதான். பன்னிரண்டு மணிக்குப் பக்கம் பிரஸ்ஸுக்குப் போயாக வேண்டும். மணி பதினொன்றே முக்கால்.

விடியற்காலையில் பாடாலூர் பக்கம் வெங்காயம் பறிக்க நடந்து போன ஒரு பெண்ணைக் கார் ஒன்று அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. சின்னப்பிள்ளை, ஐம்பது வயசு. வெள்ளைக் கார் என்பதற்கு மேல் போலீஸ் எதுவும் சொல்லவில்லை.

மகள் எழுதியிருந்ததை அமிர்தலிங்கம் இன்னொரு தடவை படித்தார். இடதுபக்க விளக்கு நொறுங்கிய வெள்ளைக் கார், ரோட்டோரம் உருண்டு கிடந்த தூக்குச்சட்டி. எப்போதும் போல நன்றாகத்தான் எழுதியிருந்தாள்.

"சித்தப்பா பேரையே போட்டவரு நீங்க. இதுக்கு ஏன்ப்பா தயங்குறீங்க?"

உண்மைதான். தம்பி கொளஞ்சியப்பன் ரேஷன் அரிசி கடத்தி மாட்டியபோது, பேரோடு முதல் பக்கத்தில் போட்டவர் அவர். பதினெட்டு வருஷமாகத் தம்பி இந்த வாசப்படி மிதிக்கவில்லை. அதற்காக அவர் ஒருநாளும் வருந்தியதில்லை. அந்தத் துணிச்சல்தான் இன்றைக்கு அவரிடம் இல்லை.

"இது வேறம்மா."

"என்ன வேற?"

பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. இன்ஸ்பெக்டர். 'ம்' கொட்டிக் கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

"ஆளு சிக்கிட்டானாப்பா?"

"அரியலூர்ல பிடிச்சுட்டாங்களாம். பேரு இன்னும் சொல்லலை."

நாற்பது வருஷத் தொழிலில், தெரிந்த பேரைத் தெரியாது என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. புவனேஸ்வரி திரும்பி அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கார் ஓட்டுனவரு காலையிலயே எனக்குப் போன் பண்ணிட்டாரும்மா. உனக்கு மட்டும் தெரிய வேணாம்னு அழுதாரு." கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஓட்டுனது நம்ம மாப்பிள்ளை."

அவள் அழுவாள் என்று நினைத்தார். அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, செய்தியின் கடைசி வரியாக அடித்தாள்: 'இது தொடர்பாக அரியலூரைச் சேர்ந்த செந்தில்குமார், வயது 36, கைது செய்யப்பட்டார்.'

"அவசரப்படாதம்மா. நம்ம பேப்பர்லயே வந்தா நாளைக்கு அந்த வூட்டுல நீ எப்படி வாழுவே? புருஷனைக் காட்டிக்கொடுத்தவள்னு ஊரே பேசும்."

புவனேஸ்வரி பக்கத்தை பிரஸ்ஸுக்கு அனுப்பினாள்.

"காலையில அந்தக் காரு விளக்கு நொறுங்கி எங்க வாசல்ல நின்னுச்சு. போலீசுக்குச் சொன்னதே நான்தாம்ப்பா."