வராத வரி

"கொஞ்சம் லைன்ல இருங்க மேடம், கணக்குப் பிரிவுக்கு மாத்தறேன்" என்றது அலுவலகத்தின் வரவேற்புக் குரல், குழைவாக.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரான எலக்ட்ரீஷியன், மகளின் பொம்மைக் காரைப் போனருகே பிடித்துப் பொத்தானை அழுத்தினார். கார் தனக்குத் தெரிந்த ஒரே பாட்டைப் பாடத் தொடங்கியது.

கணக்குப் பிரிவும் அவரேதான். மேனேஜர், டிரைவர், வேலையாள் எல்லாம் அவரே. புகார்ப் பிரிவை மட்டும் மனைவி கவனித்துக்கொண்டாள். அலுவலகம் என்பது கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே கிடைத்த இடம். ஒற்றை ஆள் என்று தெரிந்தால் பேரம் பேசியே உரித்துவிடுவார்கள் என்று தொழிலுக்கு வந்த புதிதில் யாரோ சொல்லிவைக்க, அன்றிலிருந்து கம்பெனி குரலிலேயே வளர்ந்துவிட்டது.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னும் எத்தனை நாளைக்குங்க இந்தக் கூத்து?"

"உஷ்! பெரிய எடம்டி."

பெரிய இடம்தான். வீடு, கடை என்று உள்வேலை மொத்தத்தையும் எடுத்துச் செய்யும் நிறுவனம். ஒரு பல் டாக்டரின் புது கிளினிக்குக்கான வயரிங் வேலையை இவருக்குத் தரலாமா என்று விசாரித்துக்கொண்டிருந்தது. செக்ரட்டரிப் பெண் பேசும்போதே பின்னால் குக்கர் விசில் கேட்டது. ஊழியர்களுக்கு ஆபீஸிலேயே சமைத்துப் போடுகிறார்கள், கொடுத்துவைத்தவர்கள் என்று இவருக்கு வயிறு எரிந்தது.

வயிறு ஏற்கெனவே எரிந்துகொண்டுதான் இருந்தது. சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு வரி ஏறலாம் என்று டிவியில் சொன்னார்கள். ஏறலாம் என்றுதான் சொன்னார்கள். அதற்குள் ஒயர் கடைக்காரர் விலையை ஏற்றிவிட்டார். வேன் மெக்கானிக்கும் ஏற்றிவிட்டார். வாடிக்கையாளர்களோ, வரி விஷயம் தெரிந்த பிறகு பார்க்கலாம் என்று வேலையையே தள்ளிப்போட்டார்கள். இன்னும் வராத வரியைக் காட்டி ஆளாளுக்கு அவரைப் பிழிந்தெடுத்தார்கள். இந்த வேலையும் கைநழுவினால் வேனை விற்றுவிட்டு, பழைய முதலாளியிடமே போய்க் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

பாட்டை நிறுத்திவிட்டு, மூக்கடைத்த குரலுக்கு மாறினார். "கணக்குப் பிரிவு. சொல்லுங்க மேடம்."

"உங்க ரேட் ரொம்ப அதிகமா இருக்குன்னு எங்க டைரக்டர் சொல்றாங்க சார்" என்றாள் செக்ரட்டரி.

"வரி ஏறப் போகுதில்லீங்களா? அதையும் சேர்த்துதான் போட்டிருக்கோம்."

"அது இன்னும் ஏறவே இல்லையே சார்!"

"ஏறிட்டா?"

"இருங்க, டைரக்டர் மேடம்கிட்டயே தரேன்."

தொண்டையைச் செருமிக்கொண்டு கரகரத்த பெண் குரல் ஒன்று அதட்டியது. "டைரக்டர் பேசறேன். உங்க மேனேஜரைக் கூப்பிடுங்க. கணக்கு எழுதறவங்ககிட்டல்லாம் நான் பேசறதில்லை."

எலக்ட்ரீஷியன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பொம்மைக் கார் இன்னொரு முறை பாடியது. பிறகு அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்தார். "மேனேஜர் பேசறேன்."

"இங்க பாருங்க. வரி ஏறினா எங்களுக்கும்தான் அடி. அதனால இப்பவே எல்லா கான்ட்ராக்டருக்கும் கால்வாசி குறைக்கறோம். உங்களுக்கென்ன, ஆள் அம்பு சேனைன்னு பெரிய கம்பெனி. தாங்கிக்குவீங்க."

"பெரிய கம்பெனி நீங்கதான் மேடம். நீங்க தாங்கிக்கக் கூடாதா?"

"முடியாதுன்னா சொல்லிடுங்க. வேற ஆள் பார்த்துக்கறோம்."

மனைவி துணி மடிப்பதை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது.

"எதை மேடம் தாங்கறது?" குரல் எந்தப் பிரிவையும் சேராமல் அவருடையதாகவே வந்தது. "இங்க மேனேஜரும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. முதல்ல போனை எடுத்தவன் நான். கணக்குப் பிரிவும் நான். இப்ப கத்தறதும் நான்தான். பெட்ரூம்ல கட்டில் மேல உக்காந்துக்கிட்டு கம்பெனி நடத்தறேன். வரி ஏறும்னு கடைக்காரன் என் தலையில கட்டறான், நீங்களும் என் தலையிலதான் கட்டறீங்க. நான் யார் தலையில கட்டறது? எனக்குக் கீழ யாருமே இல்லையே மேடம்!"

"போச்சு" என்று மனைவி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

வந்த வேலையை இப்படி வாயாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது அந்தப் பக்கம் குக்கர் மறுபடியும் விசிலடித்தது. யாரோ ஓடிப்போய் அடுப்பை அணைப்பதும் கேட்டது.

பிறகு, கரகரப்பு எதுவுமில்லாமல், செக்ரட்டரிப் பெண்ணின் குரல் தழுதழுத்து வந்தது.

"அண்ணா... டைரக்டரும் நான்தான்."